உரிமையாளர் கரையில் இருக்கிறார்

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி கால் ஆடும், இதுல உட்காருங்க. மார்க்கு போடுற நட்சத்திரம்தானே, குடுக்குறேன். அஞ்சு வேணும்னாலும் குடுக்குறேன், எனக்கு என்ன கொறையப் போகுது. ஆனா போட்டுல மாட்டுன உங்க பெட்டி எப்படி இருக்குன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்ல வராது. பேசிக்கிட்டே இந்தப் போனைப் பார்ப்பேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்காரவங்க கடல்ல இருக்காங்க. கரைக்குக் கிட்ட வந்து டவர் கெடைச்சதும் கூப்பிடுவாங்க. இன்னும் கூப்பிடலை. நேரம் ஆகலைதான். ஆனா ஆகப்போகுது.

உங்க கம்பெனியிலேருந்து மொதல்ல வந்தவங்க உங்களை மாதிரி வீடு வீடா வரலை. சங்கத்துக் கட்டடத்துல வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டாங்க. நல்லா இருந்துச்சு படம். ஒரு போட்டு நடுக்கடல்ல தத்தளிக்குது. உள்ள இருக்கறவன் பெட்டியில செவப்புப் பொத்தானை அமுக்குறான். உடனே கரையில ஓனரு போன் அலறுது. ஓனரு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, ஃபேனுக்குக் கீழ நாற்காலியில உக்காந்திருக்காரு. போனை எடுத்துப் பார்க்குறாரு. ‘ஆபத்து உண்மையா’ன்னு அது கேக்குது. ஆமான்னு தட்டுறாரு. அவ்வளவுதான், கப்பல் கெளம்பி வந்துடுது. சனமெல்லாம் கை தட்டுச்சு. நானும் தட்டுனேன்.

அந்த மாதிரி ஓனரு இல்லாம இல்லைம்மா. பெரிய லாஞ்ச் வச்சிருக்கறவங்க டவுன்ல மாடி வீட்டுல இருப்பாங்க, ஆளை விட்டு ஓட்டுவாங்க. எங்களோடது ஃபைபர் போட்டு. எங்க வீட்டுக்காரவங்க பேரு சிங்காரவேலு. அவங்கதான் ஓனரு, அவங்கதான் இன்ஜின் ஓட்டுறது, அவங்கதான் வலை இழுக்குறது. ஃபைபர் போட்டு வச்சிருக்கற எல்லாரும் அப்படித்தான். அன்னிக்கு அது யாருக்கும் தோணலை. உங்க ஆளுங்களுக்கும் தோணலை, எங்களுக்கும் தோணலை. படத்துல அந்த ஆளு நாற்காலியில இருந்தது பார்க்கவும் நல்லாத்தான் இருந்துச்சு.

போன் நம்பர் கேட்டாங்க. என் போனு பட்டன் போனு, அதுல உங்க ஆப் ஏறாதாம். எங்க வீட்டுக்காரவங்ககிட்ட தொடுற போனு இருந்துச்சு, அதைக் குடுத்தோம். ‘உரிமையாளர்: சிங்காரவேலு’ன்னு எழுத்து வந்ததும் எங்கிட்ட காமிச்சாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அந்தப் போனை அவங்க கடலுக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்க. மூடி போட்ட டப்பாவுல வச்சு, திரும்பி வரும்போது எனக்குக் கூப்பிடுறதுக்கு. கூப்பிட்டாத்தான் நான் கூடையைத் தூக்கிக்கிட்டு கரைக்குப் போவேன், ஏலம் கூறுறவருக்கும் சொல்லி அனுப்புவேன். வருசக்கணக்கா அப்படித்தான் நடக்குது.

ஆவணி மாசம் அது. கச்சான் காத்து அடிக்கற நேரம். உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். கச்சான்னா மேக்கேருந்து அடிக்கறது. கரையிலேருந்து கடலைப் பார்த்துத் தள்ளும். இன்ஜின் நல்லா இருந்தா ஒண்ணும் பண்ணாது. நின்னு போச்சுன்னா கரையை விட்டுத் தள்ளிக்கிட்டே போகும்.

அன்னிக்கு மூணு பேரு போனாங்க. அவங்க, அவங்க தம்பி தமிழ்வாணன், அப்புறம் கூலிக்கு வர்ற அஞ்சப்பன். விடியறதுக்கு முன்ன போயிட்டாங்க. நான் சோறாக்கி, துணி தொவைச்சு, வேலையெல்லாம் முடிச்சுட்டு ஒக்காந்தேன். போன் வரலை. சரி, மீனு நெறைய பட்டிருக்கும், வலையிலேருந்து மீனைக் கழிக்க நேரமாகுதுன்னு நெனச்சேன். கரைக்குப் போய்ப் பார்த்தா, கடலுக்குப் போன போட்டெல்லாம் திரும்பி நிக்குது. எங்களோடது நிக்கற எடத்துல வெறும் மணலு. எங்க தெருவுல இருக்கற முத்தையன் அண்ணன் வலை ஒதறிக்கிட்டு இருந்தாங்க. ‘காலையில தெக்கால வலை விட்டுக்கிட்டு இருந்தாங்க தங்கச்சி, நான் பார்த்தேன். அதுக்கப்புறம் காத்து கூடிப்போச்சு, நாங்க வந்துட்டோம்’னாங்க. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்க்கலை, கடலைப் பார்த்தாங்க.

பயம்னா எப்படி இருக்கும்னு சொல்லட்டுமா? நாக்கு ஒட்டிக்கும். தண்ணி குடிச்சாலும் ஒட்டிக்கும். பக்கத்துல பேசுறவங்க வாய் அசையறது தெரியும், சத்தம் வராது. அலையடிக்கற சத்தம் மட்டும் தலைக்குள்ள கேக்கும். அவங்க நம்பருக்குப் போட்டுக்கிட்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்தப் பொண்ணு குரலு எவ்வளவு நிதானமா இருக்கு பார்த்தீங்களா?

அப்பதான் பெட்டி ஞாபகம் வந்துச்சு. அடிச்சுப் பிடிச்சு சங்கத்துக்கு ஓடுனேன். கிளார்க் ஜெயசீலன் சார் சாப்பிட உக்காந்திருந்தாரு. வெசயத்தைச் சொன்னதும் கை கூடக் கழுவாம கம்ப்யூட்டரைத் தொறந்தாரு. கடல் படம் வந்துச்சு. நீலமா. அதுல ஒரு செவப்புப் பொட்டு. அவரு கீழ இருந்த எழுத்தை வாசிச்சாரு, நிறுத்தினாரு, திரும்ப வாசிச்சாரு. ‘உதவி கோரப்பட்டுள்ளது. உரிமையாளரின் உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கிறது.’

எனக்கு மொதல்ல புரியலைம்மா. உதவி கேட்டிருக்காங்கன்னு மட்டும் புரிஞ்சுது. அப்ப உயிரோட இருக்காங்க. சாமி கும்பிட்டேன் அங்கயே நின்னு. ஜெயசீலன் சாருதான் மெதுவா சொன்னாரு. ‘அம்மா, காலையிலேயே பொத்தானை அமுக்கிட்டாரு. ஆபத்து உண்மையான்னு ஓனருக்கு மெசேஜ் போயிருக்கு. ஓனரு ஆமான்னு சொன்னாத்தான் மேல அனுப்புவாங்க.’

ஓனருக்குன்னா யாருக்கு? அவங்களுக்கு. அவங்க போனுக்கு. அந்தப் போனு எங்க இருக்கு? அந்தப் போட்டுலேயே டப்பாக்குள்ள இருக்கு. அங்க டவரு ஏது? நடுக்கடல்ல நின்னு காப்பாத்துங்கன்னு கத்துன மனுசனுக்கே, நீ கத்துனது நெசமான்னு கேட்டு அனுப்பிட்டு, பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு உங்க பெட்டி. காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்கு. நான் இங்க துணி தொவைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

ஒரு நிமிசம். இல்ல, போன் அடிக்கலை. அடிச்ச மாதிரி இருந்துச்சு. அடிக்கடி அப்படித்தான் இருக்கு.

ஜெயசீலன் சாரு அந்தப் பொட்டு இருக்கற எடத்துக்கு உண்டான எண்ணைத் தன் உள்ளங்கையில பேனாவால எழுதிக்கிட்டாரு. அப்புறம் உங்க கம்பெனிக்குப் போட்டு எங்கிட்ட குடுத்தாரு. ஒரு பொண்ணு எடுத்துச்சு. உங்க வயசுதான் இருக்கும். மரியாதையாத்தான் பேசுச்சு. ‘மேடம், நீங்க உரிமையாளரா?’ இல்லம்மா, நான் அவங்க சம்சாரம். ‘உரிமையாளர்கிட்ட குடுங்க மேடம், அவர்தான் உறுதி சொல்லணும்.’ அவங்கதாம்மா கடல்ல மாட்டிக்கிட்டு இருக்காங்க, அவங்கதான் போட்டுல இருக்காங்கன்னு சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்னு தெரியலை. ‘குறிச்சுக்கிட்டேன் மேடம், உரிமையாளர் படகில் இருக்கிறார்னு குறிச்சுக்கிட்டேன். ஆனா எனக்கு உரிமையாளர் சொல்லாம மேல அனுப்ப வழி இல்ல மேடம், அந்தப் பொத்தானே எனக்கு வராது’ன்னுச்சு. என்ன பண்ணும் பாவம், அதுக்கு மேலதிகாரி சாப்பிடப் போயிட்டாராம்.

அதுக்குள்ள முத்தையன் அண்ணனும் இன்னும் நாலஞ்சு பேரும் வந்துட்டாங்க. நான்தான் அண்ணன்கிட்ட சொன்னேன். ‘அண்ணே, நீங்களே சிங்காரவேலுன்னு சொல்லிப் பேசுங்கண்ணே. ஆம்பளக் குரலு கேட்டா நம்பிடுவாங்க. ஆமா ஆபத்துதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.’ வேற என்னம்மா பண்றது? நேரம் போகுது, காத்து தள்ளுது.

அண்ணன் வாங்கிப் பேசுனாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஜெயசீலன் சாரு போனைச் சத்தமா வச்சாரு.

‘வணக்கம், சிங்காரவேலு சாருங்களா?’

‘ஆமாம்மா.’

‘அப்ப நீங்க கரைக்கு வந்துட்டீங்களா சார்?’

‘கரையிலதாம்மா இருக்கேன்.’

‘பாதுகாப்பா இருக்கீங்கல்ல சார்?’

‘நான் நல்லாத்தாம்மா இருக்கேன், ஆனா...’

‘ரொம்ப சந்தோஷம் சார். உங்க வீட்டுல ரொம்பப் பயந்துட்டாங்க.’

வச்சுடுச்சு. சந்தோஷமா வச்சுடுச்சும்மா. அந்தக் குரல்ல இருந்த சந்தோஷம் இன்னும் என் காதுல இருக்கு. நான் அவங்க போட்டுல இருக்காங்கன்னு சொன்னேன், அண்ணன் நான்தான் அவங்க, கரையில இருக்கேன்னு சொன்னாங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா அதுக்கு அப்படித்தானே தோணும்? போனவரு வந்துட்டாரு. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கம்ப்யூட்டர்ல அந்தச் செவப்புப் பொட்டு பச்சையாச்சு. அப்புறம் பச்சையும் இல்லை. வெறும் நீலம். ‘உரிமையாளர் கரையில் இருக்கிறார். அழைப்பு முடிக்கப்பட்டது.’

பின்னால நின்ன ஒரு கெழவரு, பச்சையைப் பார்த்துட்டு, அப்பாடா வந்துட்டாங்கன்னு சொன்னாரு.

திரும்பப் போட்டோம். வேற ஆளு எடுத்துச்சு. மறுபடி தொறக்கணும்னா உரிமையாளர் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கன்னுச்சு. நான் அங்கயே தரையில ஒக்காந்துட்டேன்.

முத்தையன் அண்ணன் ஜெயசீலன் சாரு கையைப் பிடிச்சுத் திருப்பி, உள்ளங்கையில இருந்த எண்ணைத் தன் ஜிபிஎஸ்ல ஏத்திக்கிட்டு ஓடுனாங்க. மூணு போட்டு கெளம்புச்சு. ஜெயசீலன் சாரு கடலோரப் போலீசுக்கும் சொன்னாரு, அவங்களும் கெளம்புனாங்க. நான் கரையில நின்னேன். பொம்பளைங்க என்னைச் சுத்தி நின்னாங்க. யாரோ தலையைத் தடவிக் குடுத்தாங்க. கடல்ல ஒரு கறுப்புப் புள்ளி தெரிஞ்சா எல்லாரும் எழுந்து பார்ப்போம். அது அலையா இருக்கும்.

அங்க போட்டுல என்ன நடந்துச்சுன்னு தமிழ்வாணன்தான் பின்னால சொன்னான். எங்க வீட்டுக்காரவங்க இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி வாயே தொறக்கலை. இன்ஜின் நின்னதும் பொத்தானை அமுக்கியிருக்காங்க. பெட்டியில பச்சை லைட்டு மினுக்க ஆரம்பிச்சிருக்கு. செய்தி போயிடுச்சு, ஆளு வருதுன்னு அதுக்கு அர்த்தம். படத்துல அப்படித்தானே காமிச்சீங்க? அதை நம்பி இருந்திருக்காங்க. தூரத்துல ஒரு லாஞ்ச் போச்சாம். துணியை ஆட்டலாமான்னு தமிழ்வாணன் கேட்டதுக்கு, அதான் லைட்டு எரியுதேடா, வந்துருவாங்கன்னு எங்க வீட்டுக்காரவங்க சொல்லியிருக்காங்க. அலை பெருசாயிடுச்சு. தண்ணியை மொண்டு ஊத்திக்கிட்டே இருந்திருக்காங்க. மூணு பேரும் அந்த லைட்டைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க.

உச்சி சாஞ்ச நேரத்துல லைட்டு அணைஞ்சு போச்சு.

இங்க முத்தையன் அண்ணன் ‘நல்லாத்தாம்மா இருக்கேன்’னு சொன்னாங்கல்ல, அப்ப. அதுக்கு முன்ன வரைக்கும் அஞ்சப்பன் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தானாம். அணைஞ்சதும், நம்மள விட்டுட்டாங்கன்னு சொன்னானாம். அவ்வளவுதான் சொன்னான்னு தமிழ்வாணன் சொல்றான். வடக்கால தூரத்துல ஒரு லாஞ்ச் வலை இழுத்துக்கிட்டு நின்னிருக்கு. அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும். காலி டீசல் கேனை இடுப்புல கட்டிக்கிட்டு எறங்கிட்டான். எங்க வீட்டுக்காரவங்க அவன் கையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க, வேண்டாண்டான்னு. போய்ச் சொல்லிக் கூட்டிக்கிட்டு வர்றேன்னு உதறிட்டுப் போயிட்டான். கொஞ்ச தூரத்துக்குத் தலை தெரிஞ்சுதாம். அப்புறம் அலைதானாம்.

பொழுது சாயறதுக்குள்ள முத்தையன் அண்ணன் போட்டு அவங்களைக் கண்டுபிடிச்சிடுச்சு. கையில எழுதியிருந்த எடத்துலேருந்து ரொம்பத் தள்ளிப் போயிருந்துச்சாம். கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. கரைக்குக் கிட்ட வந்ததும் டவர் கெடைச்சிருக்கு. டப்பாக்குள்ள போன் கத்த ஆரம்பிச்சிடுச்சு. நிக்கவே இல்ல. அவங்க டப்பாவைத் தொறந்து பார்த்திருக்காங்க. ‘உங்கள் படகு ஆபத்தில் உள்ளது. உறுதிப்படுத்தவும்.’ ‘உங்கள் படகு ஆபத்தில் உள்ளது. உறுதிப்படுத்தவும்.’ ஒண்ணு மேல ஒண்ணா. கடைசியில, ‘நீங்கள் பாதுகாப்பாக இருப்பதில் மகிழ்ச்சி’ன்னு ஒண்ணு. அதைப் படிச்சுட்டு அவங்க தலையைக் கவுத்துக்கிட்டாங்கன்னு முத்தையன் அண்ணன் சொன்னாங்க. போட்டு மணல் தட்டுற வரைக்கும் நிமிரலையாம்.

அவங்களைப் பார்த்ததும் நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியாது. அலைக்குள்ள ஓடி சட்டையைப் பிடிச்சுக்கிட்டேனாம். விடவே இல்லையாம்.

அப்பதான் அஞ்சப்பன் பொண்டாட்டி கஸ்தூரி வந்தா. எறால் உரிக்கற ஷெட்டுல வேலை பார்க்குறவ, வேலை முடிச்சு வீட்டுக்குப் போயிருக்கா, அவனைக் காணோம். கையில தூக்குச்சட்டி. போட்டு லேட்டுன்னு நெனச்சு அவனுக்குச் சோறு எடுத்துக்கிட்டு வந்திருக்கா. கூட்டத்தைப் பார்த்துட்டு மெதுவா நடந்து வந்தா. ஒவ்வொருத்தரா மூஞ்சி மூஞ்சியாப் பார்த்தா. போட்டுக்குள்ள எட்டிப் பார்த்தா. ‘இவரு எங்கக்கா?’ன்னு எங்கிட்ட கேட்டா. நான் அவங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

அவனைக் கடலு தெக்கால ஒரு ஊருல கொண்டாந்து போட்டுச்சு. காரியமெல்லாம் நாங்கதான் பண்ணோம், கொறை வைக்கலை. காரியம் முடிஞ்ச அன்னிக்கு அவ எங்கிட்ட கேட்டா. ‘மத்தியானத்துலேருந்து தெரியும்ல உங்களுக்கு. ஷெட்டு எங்க இருக்கு, கூப்புடு தூரந்தானே. ஊரே கரையில நின்னுருக்கு. எனக்கு ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லலை?’ அன்னிலேருந்து என் கூடப் பேசறதில்லை. தெருவுல எதுக்கால வந்தா முந்தானையை இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போறா. எனக்கு அது மனசுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா? நான் அன்னிக்கு இருந்த நெலைமையில, எனக்கு எம் புருசன் நெனப்பைத் தவிர என்ன ஓடும்? அவளைக் கூப்பிடணும்னு எனக்கு எப்படித் தோணும்? கம்ப்யூட்டர்ல கூட சிங்காரவேலுன்னுதானே இருந்துச்சு, அஞ்சப்பன்னு ஒரு பேரே இல்லையே. அவ அதைப் புரிஞ்சுக்க மாட்டேங்கறா.

முத்தையன் அண்ணனும் இப்ப எங்க வீட்டுப் பக்கம் வர்றதில்லை. போன் அடிச்சா எடுக்கறதில்லையாம். ஒரு வார்த்தை யோசிச்சுப் பேசியிருக்கலாம் அவங்க.

எங்க வீட்டுக்காரவங்க பத்து பதினஞ்சு நாளு கடலுக்குப் போகலை. அப்புறம் போயிட்டாங்க. போகாம எப்படி? அன்னியிலேருந்து நான் இந்த மாதிரிதான் இருக்கேன். புதுசா தொடுற போனு வாங்கி, கயிறு போட்டுக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். குளிக்கப் போனாலும் வாசப்படியில வச்சுட்டுத்தான் போவேன். காத்து மேக்கத் திரும்புனா எனக்குத் தெரிஞ்சிடும், வீட்டுக்குள்ள இருந்தாலும் தெரிஞ்சிடும், முதுகுல ஊசி குத்துற மாதிரி. உங்களை வாசல்ல பார்த்ததும் கூட, கையில கம்பெனிப் பையைப் பார்த்ததும், ஒரு நிமிசம் மூச்சு நின்னு போச்சு. என்ன சொல்ல வந்திருக்கீங்களோன்னு. நட்சத்திரம்னு நீங்க சொன்னப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு, பார்த்தீங்கல்ல.

இருங்க. அடிக்குது. இது நெசமாவே அடிக்குது.

...ம். ம். வந்துட்டீங்களா. சரி. சரி, வர்றேன்.

வந்துட்டாங்க. வந்துட்டாங்கம்மா. முகத்துவாரத்துக்கிட்ட வர்றாங்களாம். நான் கெளம்பணும். நீங்க அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க.

என்ன கேட்டீங்க? ரெண்டாவது நம்பரா? ஆமா, இப்பவாவது வச்சீங்களே. என் நம்பரைப் போட்டுக்குங்க. தில்லைநாயகி. சம்சாரம்னு போடுங்க.

போட்டுல போறவங்க பேரா? அதுக்கும் புதுசா எடம் வச்சிருக்கீங்களா? அவங்க வீட்டு நம்பருமா? அதெல்லாம் எதுக்கும்மா, கூலிக்கு வர்றவங்க இன்னிக்கு ஒருத்தரு, நாளைக்கு ஒருத்தரு. இப்ப தமிழ்வாணன் கூட வேற போட்டுக்குப் போயிட்டான், புதுசா ரெண்டு பேரு வர்றாங்க. ஒருத்தரு பேரு... நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது. இன்னொருத்தரு வெளியூரு. அந்த எடத்தை வெறுமனே விட்டுடுங்க. ஏதாவது ஒண்ணுன்னா நான் ஒருத்தி இருக்கேன்ல, போய் அவங்க வீட்டுல சொல்ல மாட்டேனா?